பாஸ்வேர்டுக்கு முந்தைய கேள்விகள்

காலையில் வந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாமல் போனால் பெரும்பாலானோர் முதலில் தங்களைத்தான் சந்தேகப்படுகிறார்கள். "பாஸ்வேர்டை மறந்துட்டேன் போல, சார்" என்று தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். திருப்பூர் ஏற்றுமதி அலுவலகங்களில் நெட்வொர்க் வேலை பார்த்த காலத்தில், பாஸ்வேர்ட் உண்மையிலேயே தவறாக இருந்த புகார்கள் குறைவு. சர்வர் அதைச் சரிபார்க்கும் முன்பே பல காரியங்கள் நடந்தாக வேண்டும். கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்ணான ஐபி முகவரி கிடைக்க வேண்டும், டொமைன் எனப்படும் அலுவலகக் கம்ப்யூட்டர் குழுவின் லாகின்களைச் சரிபார்க்கும் டொமைன் சர்வர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். அதனால் திரையில் வந்த வாசகத்தை எழுத்து விடாமல் கேட்பேன், முடிந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். "லாகின் ஆகல" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

தீபாவளி விடுமுறை முடிந்து அலுவலகம் திறக்கும் நாளில் புகார்கள் குவியும். ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள். மின் இணைப்பு இருக்கும்வரை மதர்போர்டின் கடிகாரம் அதிலேயே ஓடும், அணைந்தால் சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரிதான் துணை. அது தீர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் பல வருடம் பழைய தேதியோடு எழுந்திருக்கும். விண்டோஸ் டொமைன் பயன்படுத்தும் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் நேர வித்தியாசத்துக்கு வழக்கமான வரம்பு 5 நிமிடம். நுழைபவருக்கு சர்வர் தரும் டிஜிட்டல் அனுமதிச் சீட்டை வழியில் களவாடி அப்புறம் யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக வைத்த வரம்பு அது. தேதியைத் திருத்தினால் அன்றைய வேலை ஓடும். பேட்டரியை மாற்றாமல் விட்டால் அடுத்த நீண்ட விடுமுறைக்குப் பிறகு அதே புகார் வரும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு வீட்டு வைஃபை ரவுட்டர். ஒரு நாள் தாமதமாக வந்தவர்களுக்கு மட்டும் சர்வர் கோப்புறை திறக்கவில்லை. அவர்களிலும் தங்கள் சொந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டார்கள், வேறு மேசைக்கு மாறி உட்கார்ந்தவர்களால் நுழையவே முடியவில்லை. இந்த வித்தியாசம்தான் துப்பு. கடைசியாக நுழைந்த 10 பேர் வரை விவரத்தை விண்டோஸ் தன்னிடமே வைத்திருக்கும், சர்வர் கிடைக்காவிட்டாலும் அவர்களை உள்ளே விடும். புதியவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் முகவரி 192.168.0 என்று தொடங்கியது. அது எங்கள் அலுவலகத்து வரிசையே இல்லை. போனுக்கு வைஃபை வேண்டும் என்று யாரோ ரவுட்டரைச் சுவரில் இருந்த நெட்வொர்க் பாயின்ட்டில் செருகியிருந்தார்கள். புதிதாக முகவரி கேட்ட கம்ப்யூட்டர்களுக்கு அது முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது. முகவரியோடு அது தந்த டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது பெயரைச் சொன்னால் முகவரியைத் தேடித் தரும் சர்வருக்கு, எங்கள் டொமைன் தெரியாது. முகவரி 169.254 என்று தொடங்கியிருந்தால் வேறு கதை. முகவரி தர யாருமே இல்லை என்று அர்த்தம், கேபிளையும், கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சையும், முகவரி தரும் சர்வரையும் பார்க்க வேண்டும்.

'டொமைனுடனான நம்பிக்கை உறவு முறிந்தது' என்ற வாசகம் வந்தால் சிக்கல் ஆளுடையது அல்ல, கம்ப்யூட்டருடையது. கம்ப்யூட்டருக்கும் டொமைனில் ஒரு பாஸ்வேர்ட் உண்டு, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை அது தானாக மாறும். பழைய பேக்கப்பை மேலே ஏற்றினாலோ, அதே பெயரில் இன்னொரு கம்ப்யூட்டரை டொமைனில் சேர்த்தாலோ இரு பக்கமும் ஒத்துப்போகாது. கேபிளைக் கழற்றிவிட்டு நுழையச் சொல்வேன். உள்ளே போனால் அவருடைய பாஸ்வேர்ட் மேல் குற்றமில்லை. டொமைனிலிருந்து நீக்கி மறுபடி சேர்ப்பது பலருடைய முதல் வைத்தியம். எனக்கு அது பிடிக்காது. ஒரே பெயரில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் இங்கே சரியாகும், அங்கே முறியும்.

கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அக்காவின் லாகின், பாஸ்வேர்ட் மாற்றிய நாளிலிருந்து திரும்பத் திரும்பப் பூட்டிக்கொண்டது. அவர் தப்பாக அடிக்கிறார் என்று மேலாளர் எல்லார் முன்னிலும் கடிந்துகொண்டார். சர்வரின் பாதுகாப்புப் பதிவில் 4740 என்ற எண்ணைத் தேடினேன். லாகினைப் பூட்டவைத்த முயற்சி எங்கிருந்து வந்தது என்று அது சொல்லும். அது மெயில் சர்வரைக் காட்டியது. அங்கே தேடினால், அவருடைய கைப்பேசி பழைய பாஸ்வேர்டோடு மெயிலுக்காக விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை அச்செடுத்து மேலாளரிடமே கொடுத்தேன்.