காட்டுக்குப் போன கதை

"நாளைக்குக் காட்டுக்குப் போறோம்மா" என்று போனில் சொன்னதும் அம்மாவிடமிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஏண்டி, அம்புட்டுப் பெரிய வீடுன்னு சொன்னாங்க, கக்கூசு கட்டலையா?"

காளையார்கோவில் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் காட்டுக்குப் போகிறவர் கையில் சொம்பு இருக்கும். இல்லையென்றால் அரிவாள், விறகுக்கு. கடைசியாக ஒருமுறை போவது நாலு பேர் தோளில். 1801இல் மருது சகோதரர்கள் வெள்ளைக்காரனுக்குத் தண்ணி காட்டிய காடு என்று பெயர் மட்டும் பெரிது. நான் வளர்ந்த காலத்தில் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம்தான். காலாற நடப்பதற்கென்று ஒருத்தி காட்டுக்குப் போனாள் என்றால் பிடித்து உட்காரவைத்து வேப்பிலை அடித்திருப்பார்கள்.

கல்யாணமாகி மலேசியா வந்து ஆறு வருடம் ஆகிறது. ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனால் இங்குள்ள தமிழர் வாயில் பழைய பெயர்தான். ஒரு காலத்தில் சுற்றிலும் கித்தாக்காடு, அதாவது ரப்பர் தோட்டம். இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. வந்த புதிதில் காலையில் பார்க்கிறவர்கள் எல்லாம் "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்பார்கள். என் முகத்தில் அப்படியா பட்டினி தெரிகிறது என்று கண்ணாடியில் போய்ப் பார்த்திருக்கிறேன். இப்போது நானே அப்படித்தான் கேட்கிறேன். காரைக் காடி என்கிறேன். பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன். வாழைப்பழத்தை மட்டும் இன்னமும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

சரி, காட்டுக்கு வருகிறேன்.

ரவாங் தாண்டி காஞ்சிங் என்று ஓர் இடம். ஏழு அடுக்காக விழும் அருவி, அதைச் சுற்றி அரசாங்கம் பாதுகாக்கும் காடு. நடக்கப் பாதை, குளிக்க இடம், வாசலில் டிக்கெட். இந்த மாதிரி இடங்களை மலாயில் 'ஊத்தான் லிப்பூர்' என்பார்கள். ஊத்தான் என்றால் காடு. லிப்பூர் என்றால் மனக்கவலையை ஆற்றுவது. எங்கள் ஊரில் காட்டைக் காட்டிக் கவலைப்படுத்தத்தான் தெரியும்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முதலில் டிக்கெட்டோடு சண்டை. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர் அவர். ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். விடியுமுன்னே பெரட்டு என்கிற ஆள் கணக்குக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே நெரைக்குள், அதாவது மரவரிசைக்குள், இறங்கிவிட வேண்டும். "மரத்துக்குள்ள நடக்கறதுக்கு அப்ப எனக்குச் சம்பளம் குடுத்தான். இப்ப நான் காசு குடுக்கணுமா?" என்று மகனைக் கேட்டார். அவருடைய கணக்கில் தப்பு சொல்ல முடியவில்லை.

முழுக்கைச் சட்டை, கைலி, தலையில் துண்டு. பார்க்க வேலைக்குப் போகிறவர் மாதிரியேதான் இருந்தார். நடக்கும்போது ஒவ்வொரு மரத்திலும் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்தார். பட்டை எவ்வளவு தடிப்பு, எங்கே கத்தி வைக்கலாம் என்று கை தானாகப் பார்க்கிறது. "இது ஆகாது. இதுவும் ஆகாது." காட்டையே நிராகரித்துக்கொண்டு வந்தார்.

இரண்டாவது அருவிக்குப் பக்கத்தில் குரங்கு வந்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. இலையைப் பிரித்து, சம்பாலை, அதுதான் மிளகாய் அரைப்பை, ஓரமாகத் தள்ளிவிட்டுச் சோற்றை மட்டும் தின்றது. திருடியதைக்கூட அத்தை மன்னித்துவிட்டார். அவர் அரைத்த சம்பாலை ஒதுக்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதற்கு மேலே படி சரியில்லை, வேரும் பாறையுமாக வழுக்கியது. அங்கேதான் என் கணுக்காலில் அட்டை ஏறியது. நான் போட்ட கூச்சலில் மேலே குளித்துக்கொண்டிருந்த சீனக் குடும்பம் ஒன்று எட்டிப் பார்த்தது. அத்தை முந்தியிலிருந்து எடுப்பது போல இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டணம் எடுத்தார். உப்பு. ஒரு சிட்டிகை வைத்ததும் அது சுருண்டு விழுந்தது. என் பையனைத் தண்ணீரில் இறங்கவிட்டார், ஆனால் கண்ணை ஆற்றைவிட்டு எடுக்கவில்லை. தண்ணீர் தே ஓ (பால் விடாத தேத்தண்ணீர்) நிறத்துக்கு மாறினாலோ குப்பையும் இலையும் திடீரென்று கூட வந்தாலோ மலைமேல் மழை, அடுத்த நிமிடம் வெள்ளம் பாய்ந்து வரும், உடனே கரையேறிவிட வேண்டும் என்றார். எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் வருகிறது என்றால் பார்க்க ஓடுவோம்.

திரும்பி இறங்கும்போதுதான் அந்த மரத்தைப் பார்த்தேன். கட்டிப்பிடிக்க நாலு பேர் வேண்டும். அதில் சின்னப் பலகை: 'கப்பூர்'. வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "கற்பூர மரம்."

எனக்கு நடை நின்றுவிட்டது.

கற்பூரம் எனக்குத் தெரியாத பொருளா? பிறந்ததிலிருந்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவள். ஆனால் அது மரத்திலிருந்து வரும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. செட்டியார் கடையில் பாலிதீன் உறையில் இருக்கும், அவ்வளவுதான். இப்போது விற்கும் வில்லைகள் பெரும்பாலும் ஆலையில் டர்பென்டைனிலிருந்து செய்பவை என்பது வேறு விஷயம். பழைய காலத்துக் கற்பூரம் இந்த மரத்தின் உள்வெடிப்பில் பளிங்குத் துண்டுகளாக உறைந்து கிடந்தது. மரத்தைச் சாய்த்துப் பிளந்து பொறுக்குவார்களாம். சுமாத்திராவின் பாரூஸ் துறைமுகம் இந்தச் சரக்குக்குத்தான் பேர்போனது. அங்கே ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகர்கள் 1088இல் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கல்லூரியில் வரலாறு எடுத்தவள் நான், பரீட்சைக்கு அந்த ஆண்டை உருப்போட்டிருக்கிறேன். மார்க்கும் வாங்கினேன். அவர்கள் எதைத் தேடிக் கடல் தாண்டினார்களோ அந்த மரத்தடியில், காலில் அட்டைக்கடி ரத்தத்தோடு, பிளாஸ்டிக் செருப்பில் நிற்பேன் என்று யார் கண்டது.

கீழே கிடந்த பச்சை இலை ஒன்றை எடுத்துக் கசக்கினேன். காளீஸ்வரர் கோவில் சன்னிதி, சாயரட்சை, தட்டில் எரியும் ஜோதி எல்லாம் மூக்கில் வந்து இறங்கப்போகிறது என்று கண்ணைக்கூட மூடிக்கொண்டேன். வந்தது மண்ணெண்ணெய் வாசம். எங்கேயோ அடியில் கொஞ்சம் கற்பூரம் இருக்கிறாற்போல இருந்தது. சொல்லிச் சொல்லி மூக்கை நம்பவைத்தேன். அத்தையிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெ நாத்தம்தான்லா" என்றார். அப்படியும் அது போதுமாக இருந்தது. சாயங்காலம் ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்றதும் எங்கள் ஊர்தானே.

அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். இந்த மரங்களின் உச்சி ஒன்றையொன்று தொடாது. காற்றில் உரசி நுனி ஒடிவதாலா, பக்கத்து மரத்தின் நிழல் பட்டால் வளர்ச்சி நிற்பதாலா என்று இன்னும் வாதம் நடக்கிறது. எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு மரத்துக்கும் நடுவில் ஒரு முழம் வானம் கோடாக ஓடுகிறது. கோலாலம்பூர் பக்கம் கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழக வளாகத்தில் இதைப் படம் எடுக்கவே ஆள் வருவார்கள். இங்கே எல்லாரும் அருவிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது வானமாகவே தெரியவில்லை. சித்திரையில் எங்கள் கண்மாய் வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அதேதான். வெடிப்புக்குள் கையை விட்டு நண்டு தேடுவோம். பச்சையான கண்மாயைத் தலைக்கு மேலே யாரோ கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"கழுத்து சுளுக்கும்மா, வா" என்று அத்தை கூப்பிட்டார். கூப்பிட்டவரும் பக்கத்தில் வந்து நிமிர்ந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "முப்பது வருசம் மரத்துக்குள்ளயே இருந்தேன். மேல பார்த்ததே இல்ல. கத்தி பட்டையிலதானே இருக்கும்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். காட்டுக்குப் போனதையும் கற்பூர மரத்தையும் சொன்னேன். நம்பவில்லை; இலையைத் தபாலில் அனுப்பச் சொன்னாள். உச்சியில் கண்மாய் வெடித்த மாதிரி கோடு கோடாக இருந்தது, நம்ம ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்றேன்.

"அதைப் பார்க்கக் காசு குடுத்து டிக்கெட்டா எடுத்தே?" என்றாள். "இங்க நெசமாவே வெடிச்சுக் கெடக்கு. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போ."