அமெரிக்கப் பார்மசியில் "இன்ஷூரன்ஸ் ஏற்கவில்லை" என்றால் என்ன கேட்க வேண்டும்?

கவுண்டரில் "உங்கள் இன்ஷூரன்ஸ் இதை ஏற்கவில்லை" என்றதும் பலர் முழு விலையைக் கொடுத்து மருந்தை வாங்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: "ரிஜெக்ட் கோடு என்ன வந்திருக்கிறது?" ஒவ்வொரு நிராகரிப்புக்கும் ஓர் எண்ணும் ஒரு வரிக் காரணமும் திரையில் வரும். அடுத்து ஓட வேண்டியது டாக்டரிடமா, காப்பீட்டு நிறுவனத்திடமா, அல்லது அந்தக் கவுண்டரிலேயே முடிகிற வேலையா என்பது அந்த எண்ணைப் பார்த்தால் தெரியும்.

முதலில் அட்டை. மருந்துக் கணக்கைப் பெரும்பாலும் பிபிஎம் எனப்படும் இடைநிலை நிறுவனம்தான் பார்க்கிறது. கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் போன்றவை. அதனால் மருத்துவத்துக்கு ஓர் அட்டையும் மருந்துக்கு வேறோர் அட்டையும் இருக்கலாம். பார்மசிக்கு வேண்டியவை மருந்து அட்டையில் அச்சிட்டிருக்கும் ஆர்எக்ஸ் பின், பிசிஎன், ஆர்எக்ஸ் குரூப், மெம்பர் ஐடி என்ற நான்கும்தான். குடும்ப அட்டையில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் 01, 02 என்று தனி எண் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்குப் பெயரே ஒரு தனித் தலைவலி. அப்பா பெயர் கடைசிப் பெயராகி, சில ஆவணங்களில் அது முன்னும் பின்னும் மாறி, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் 'எஃப்என்யு' (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், முதற்பெயர் தெரியவில்லை) வேறு முளைத்துவிடும். டாக்டர் அனுப்பும் மருந்துச்சீட்டு, பார்மசிக் கணக்கு, காப்பீட்டுப் பதிவு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆள் பதிவில் இல்லை என்று வருகிற நிராகரிப்புகளில் பல இங்கேதான் தீரும். ரிஜெக்ட் கோடு 69 வந்தால் அந்தக் காப்பீடு முடிந்துவிட்டது என்று பொருள், பெரும்பாலும் பழைய வேலையினுடையது. புது அட்டையைக் கொடுங்கள். 41 என்றால் உங்களுக்கு வேறொரு காப்பீடும் இருப்பதாகப் பதிவு இருக்கிறது, அதை முதலில் கேட்கச் சொல்கிறார்கள். கணவன், மனைவி இருவருக்கும் வேலையிடக் காப்பீடு இருந்தால் இது அடிக்கடி வரும். காப்பீட்டு நிறுவனத்தின் மெம்பர் சர்வீஸை அழைத்து எது முதன்மை என்று பதிவுசெய்தால் போதும்.

79, அதாவது ரீஃபிலுக்கு (அதே மருந்தை அடுத்த முறை வாங்குவதற்கு) இன்னும் நாள் வரவில்லை. பல திட்டங்கள் முந்தைய மருந்தில் 75 முதல் 80 சதவீதம் தீர்ந்த பிறகே அடுத்ததைத் தரும். இதில் தவறு நடப்பது 'எத்தனை நாளுக்கான மருந்து' என்ற கணக்கில். இன்சுலினைப் பாருங்கள்: 3 மில்லி பேனா ஒன்றில் 300 யூனிட், 5 பேனா உள்ள பெட்டியில் 1500. நாளுக்கு 50 யூனிட் என்றால் 30 நாள். டாக்டர் வாய்மொழியாக 75 ஆக்கிவிட்டால் 20 நாளில் தீரும். ஆனால் காப்பீட்டின் கணக்கில் இன்னும் பத்து நாள் மிச்சம். ஒவ்வொரு ஊசிக்கும் முன் சோதித்து வெளியேற்றும் 2 யூனிட்டும் இதில் சேராமல் போயிருக்கலாம். தீர்வு, புதிய அளவு எழுதிய புதிய மருந்துச்சீட்டு. அதைக் கொண்டு பார்மசி 'அளவு மாறிவிட்டது' என்ற குறியீட்டோடு மறுபடி அனுப்பலாம். ஊருக்குப் போகிறவர்கள் 'வெக்கேஷன் ஓவர்ரைடு', அதாவது பயணத்துக்காக முன்கூட்டியே மருந்து வாங்கும் அனுமதி, என்று கேட்க வேண்டும். எல்லாத் திட்டங்களும் தராது. பழக்கமாகிவிடும் அபாயத்தால் சட்டம் கட்டுப்படுத்தும் மருந்துகளுக்குக் கிடைப்பது அரிது. கிளம்பும் நாளுக்கு ஒரு வாரமாவது முன்னால் கேளுங்கள்.

75 தான் பொறுமையைச் சோதிப்பது: பிரையர் ஆதரைசேஷன், அதாவது முன் அனுமதி. பார்மசி டாக்டர் அலுவலகத்துக்குக் கோரிக்கை அனுப்பிவிடும், அது அங்கே பேக்ஸ் குவியலில் படுத்துவிடும். அலுவலகத்தை நீங்களே அழைத்து, முன் அனுமதி வேலையைப் பார்ப்பவரைக் கேளுங்கள். நோயின் குறியீடு, முன்பு எடுத்த மருந்துகள், எடுத்த காலம், ஏன் பலனளிக்கவில்லை, சமீபத்திய பரிசோதனை முடிவு, இவ்வளவும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். முதலில் மலிவான மருந்தை எடுத்துப் பார்த்தாயா என்று தேடும்போது காப்பீட்டின் கணினி தன்னிடம் வந்த பில்களை மட்டுமே பார்க்கும். இந்தியாவில் ஐந்து வருடம் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. அந்த வரலாற்றை டாக்டர் குறிப்பில் எழுத வைப்பது உங்கள் வேலை.

அனுமதி கிடைத்த செய்தி பார்மசிக்குத் தானாகப் போகும் என்று நம்ப வேண்டாம். "கிளெயிமை மறுபடி ஓட்டிப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அனுமதிக்கு முடிவுத் தேதி உண்டு. மறுத்துவிட்டால், பொதுவாக வேலையிடத் திட்டங்களில் உள் மேல்முறையீட்டுக்கு, அதாவது அந்தத் திட்டத்திடமே மறுபடி முறையிட, 180 நாள் அவகாசம். அவசர நிலை என்று டாக்டர் எழுதினால் 72 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும்.

70 என்றால் திட்டம் அந்த மருந்தை ஏற்பதில்லை, பெரும்பாலும் மருந்தே அதன் பட்டியலில் இல்லை. அதே வகையில் எது பட்டியலில் உண்டு என்று காப்பீட்டின் தளத்தில் பார்த்து, பெயரோடு டாக்டரிடம் கேட்பதுதான் குறுக்குவழி.

ஏற்றுக்கொண்ட பிறகும் தொகை அதிகமாகத் தெரிந்தால், டிடக்டிபிள், அதாவது காப்பீடு பங்கு தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை, தீரவில்லை என்று பொருளாக இருக்கலாம். பல திட்டங்களில் அது ஜனவரியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காப்பீடு இல்லாமல் என்ன விலை என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முன்பு சில ஒப்பந்தங்கள் அதைச் சொல்லவிடாமல் பார்மசிஸ்ட்டின் வாயைக் கட்டியிருந்தன. 2018இல் வந்த மத்தியச் சட்டங்கள் அதைத் தடைசெய்துவிட்டன. பிராண்டு பெயர் இல்லாத சில பழைய ஜெனரிக் மாத்திரைகளுக்கு, கோபேயைவிட (காப்பீட்டோடு நீங்கள் கட்டும் பங்கைவிட) அந்த விலை குறைவு. ஆனால் தள்ளுபடிக் கூப்பனையும் காப்பீட்டையும் ஒரே பில்லில் சேர்க்க முடியாது, கூப்பனில் கொடுத்த பணம் பொதுவாக டிடக்டிபிளிலும் கழியாது. மருந்து கம்பெனி தரும் கோபே அட்டை வேறு வகை. அதைத் தனியார் காப்பீட்டோடு சேர்க்கலாம், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரோடு கூடாது.

வேறு வழியின்றிக் கைக்காசில் வாங்கினால், கடை ரசீது மட்டும் போதாது. மருந்துப் பையில் ஒட்டியிருக்கும் சீட்டில்தான் என்டிசி எண் (மருந்தின் அடையாள எண்), அளவு, எத்தனை நாளுக்கானது என்பதெல்லாம் இருக்கும். பணத்தைத் திரும்பக் கேட்கும் படிவத்தோடு அதைத்தான் இணைக்க வேண்டும்.