மோரிசன் கையெழுத்தைப் பழகிப் பார்த்தேன்: ஆறு வாரக் குறிப்பு

ஸ்டான்லி மோரிசனின் கடிதங்களைப் படிக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. நம் கணினியில் இருக்கும் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துரு அவர் சொல்லி உருவானது. விக்டர் லார்டென்ட் வரைந்து கொடுக்க, 1932 அக்டோபர் 3 அன்று லண்டன் டைம்ஸ் நாளிதழ் அந்த எழுத்தில் வெளிவந்தது. எழுத்து, அச்சு இரண்டின் வரலாற்றையும் வாழ்நாள் முழுக்கத் தோண்டியவர் மோரிசன். அவருடைய தாள்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. எனக்கு ரயிலில் போய்வரும் தூரம்தான்.

முதல் நாள் பையை வெளியே வைத்துவிட்டு, பென்சிலும் நோட்டும் மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடிதம் தேடிப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒருவர் எழுதிய கடிதம் அவரிடம் இருக்காது, பெற்றவரிடம் இருக்கும். எழுதியவர் நகல் வைத்திருந்தால்தான் உண்டு. பாஸ்டனில் மெரிமவுண்ட் அச்சகம் நடத்திய அப்டைக்கும் மோரிசனும் எழுதிக்கொண்டவை பிற்பாடு புத்தகமாகவே தொகுக்கப்பட்டதால், அந்தப் பேச்சின் இரண்டு பக்கமும் நமக்குக் கிடைக்கிறது. எனக்கோ அவர் கைப்பட எழுதியது வேண்டியிருந்தது. கிடைத்த ஒரு பக்கத்தைப் படியெடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதிலும் 11 இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தேன்.

அவர் எழுத்து கிறுக்கல் இல்லை, அழகான எழுத்து. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியாவில் அலுவலக ஆவணங்களுக்குப் பழகிய சான்சரி சாய்வெழுத்தின் சாயல் கொண்டது. சிக்கலே அங்குதான். ஆங்கில எழுத்துகளான ‘என்’ (n), ‘யு’ (u), ‘எம்’ (m) மூன்றும் ஒரே மாதிரி மேலும் கீழும் போகும் கோடுகளாகத் தெரிந்தன. கண்ணால் மட்டும் பார்த்தால் நடக்காது, எழுதிப் பழகினால்தான் பிடிபடும் என்று தோன்றியது.

சரி, மூலத்துக்கே போவோம் என்று அந்தச் சாய்வெழுத்தைக் கற்றுத்தரும் இத்தாலியர் லுடோவிகோ அர்ரிகியின் 1522ஆம் ஆண்டுக் கையேட்டை எடுத்தேன். அர்ரிகியின் மாதிரிகள் 1926இல் மறுபதிப்பாக வந்தபோது முன்னுரை எழுதியவரே மோரிசன்தான். பதினாலு வயதில் பள்ளியை விட்ட மனிதர், தானே தேடிப் படித்ததைத் தன் கையிலும் வைத்திருந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

1.1 மில்லிமீட்டர் பட்டை நிப், நாலு கோடு நோட்டு, தினம் இருபது நிமிடம். நிப்பின் விளிம்பைக் கோட்டுக்கு 45 பாகையில் பிடிக்க வேண்டும். எழுத்தின் உடல், அதாவது மேலும் கீழும் நீளும் கோடுகள் போக உள்ள நடுப்பகுதி, ஐந்து நிப் அகல உயரம். முதல் இரண்டு வாரம் ‘ஏ’ (a) எழுத்தோடே போனது. எனக்குப் பள்ளிக்கூடத்து உருண்டை ‘ஏ’தான் வருகிறது. அர்ரிகியோ அதன் உடலைச் சதுரத்துக்குள் அடைக்காதே, சாய்ந்த நீள்கட்டத்துக்குள் எழுது என்கிறார்.

மூன்றாவது வாரம்தான் விஷயம் புரிந்தது. ‘என்’ எழுதும்போது அதன் நேர்க்கோட்டுக் காலை இறக்கிவிட்டு, பேனாவை எடுக்காமல் அதே கோட்டின் மேல் ஏறிப் பாதி உயரத்துக்கு மேல் பிரிய வேண்டும். அங்கே மெல்லிய கோடு ஒன்று கிளைக்கிறது. ‘யு’ அப்படியே இதைத் தலைகீழாகப் போட்டது. அதில் மெல்லிய கோடு அடியிலிருந்து ஏறிப் போகிறது. வேகமாக எழுதினால் வளைவு மழுங்கிவிடும், ஆனால் அந்த மெல்லிய கோடு மேலேயா கீழேயா என்பது பெரும்பாலும் தப்பாது. நூறு தடவை எழுதிய பிறகு கண் தானாகவே அந்த இடத்துக்குப் போகிறது.

ஆறாவது வாரக் கடைசியில் மறுபடி போனேன். அதே பக்கம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பதினொன்றில் ஏழு கேள்விக்குறிகள் தீர்ந்தன. ஒரு சொல்லில் சந்தேகம் வந்தபோதெல்லாம் என் நோட்டில் அதே கோணத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். கை போகும் வழியில் சொல்லும் வந்துவிட்டது.

மிச்சம் நாலு இருக்கிறது. அதில் மூன்று, ‘ஜி’யின் (g) வால் கீழ்வரியில் போய் முட்டும் இடங்கள். எனக்கே அந்த வால் இன்னும் ஒழுங்காக வரவில்லை. இந்த வாரம் முழுக்க அதுதான்.