நடுப் பெட்டிக்காரி

இலங்கை மலையகத்தில், நானுஓயாவுக்குக் கீழே ஒரு சின்ன ரயில் ஸ்டேசனில் மாஸ்டராக இருக்கிறேன். சுற்றிலும் தேயிலை, பாதி நாள் பனிமூட்டம். நான் பிறந்ததும் தோட்டத் தொழிலாளர் லயத்தில்தான். உறைந்துபோன உலகத்தை நிற்காமல் சுற்றிவரும் ஒரு கோச்சி, அதில் கடைசிப் பெட்டிச் சனம் என்ஜினைப் பிடிக்கக் கிளம்புகிறது என்று யாரோ சொன்னதும், ‘ஸ்னோபியர்சர்’ படத்தைப் பென் ட்ரைவில் வாங்கி வந்துவிட்டேன்.

குவாட்டர்ஸில் நானும் எங்கள் போட்டர் அண்ணனும் பார்த்தோம். டியூட்டியில் என்னை ‘சேர்’ என்பார். குவாட்டர்ஸ் வாசலைத் தாண்டினால் ‘தம்பி’.

பிரெஞ்சுச் சித்திரக்கதை ஒன்றை வைத்துக் கொரிய இயக்குனர் பொங் ஜூன்-ஹோ 2013இல் எடுத்த படம் அது. கதை வாலில் தொடங்கி என்ஜினை நோக்கி ஒரே திசையில் போகிறது. நடுவில் ஒரு கோடாரிச் சண்டை. பாலம் ஒன்று வருகிறது, அதைத் தாண்டினால் புது வருசம். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தி, வாழ்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி வெட்டுகிறார்கள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சுரங்கம். இருட்டில் பார்க்கும் கருவி எதிரிகளிடம் மட்டும் இருக்கிறது. வாலிலிருந்து தீப்பந்தம் ஓடி வருகிறது. கொட்டகலை தாண்டி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கோச்சி நுழையும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போடும் கூச்சல் என் காதில் கேட்டது.

ஆனால் அண்ணனின் சிரிப்பை நிறுத்தியது வேறொரு காட்சி. மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருத்தி வால் பெட்டிக்கு வந்து பிள்ளைகளின் உயரத்தை நாடாவால் அளந்து, இரண்டு பேரைக் கொண்டுபோகிறாள். எதற்கு என்பது கடைசியில்தான் தெரியும். என்ஜினில் ஒரு பாகம் தேய்ந்துவிட்டது, புதிது செய்ய வழியில்லை. அந்தப் பாகத்தின் வேலையைச் சின்ன உடம்புள்ள ஒரு பிள்ளை உள்ளே குந்தியிருந்து செய்கிறது.

“எங்க லயத்துக்கும் இப்பிடித்தான் ஒரு ஆள் வந்தான் தம்பி. கொழும்புல வீட்டு வேலைக்குன்னு. தங்கச்சிய நிக்க வச்சுப் பார்த்தான்,” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு அதே கதையை வைத்து எடுத்த டிவி தொடர் கிடைத்தது. 2020 முதல் 2024 வரை நான்கு சீசன், 1001 பெட்டிகள். முதலில் எரிச்சலாக இருந்தது. இரண்டு மணி நேரத்தில் நெஞ்சில் இடித்த கதையை ஏன் இப்படி நீட்டுகிறார்கள்? நடுவில் ஒரு கொலை, அதைத் துப்பறிய வால் பெட்டியிலிருந்து ஒரு பழைய பொலிஸ்காரன். என்ஜினுக்குள் பிள்ளை இருக்கிற அந்த அடிக்கு ஈடாகத் தொடரில் எதுவும் இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் தொடரில் மெலனி இருக்கிறாள். ஜெனிஃபர் கொனெலி நடித்த பாத்திரம். யூனிஃபோர்ம் கசங்காமல், தினமும் ஒலிபெருக்கியில் இனிமையாக அறிவிப்புச் செய்கிறவள். எல்லாம் வண்டியின் சொந்தக்காரர் வில்ஃபோர்ட் ஐயாவின் உத்தரவு என்பாள். ஆனால் என்ஜினில் வில்ஃபோர்ட் என்று யாரும் இல்லை. வண்டி புறப்பட்ட அன்றே அவரை விட்டுவிட்டு வந்து, அவர் பெயரில் அவளே வண்டியை ஓட்டுகிறாள்.

அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஒரு மழைக்காலம். மேலே தண்டவாளத்தில் மண் சரிந்துவிட்டது. பின்னேரக் கோச்சி அன்றைக்கு வராது என்று எனக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னால் அத்தனை பேரும் ஜன்னலுக்கு வந்து காசு கேட்பார்கள், கத்துவார்கள். நான் மைக்கைப் பிடித்து, மூன்று மொழியிலும், குரலில் சர்க்கரை போட்டு, “சற்றுத் தாமதமாகும்” என்றேன். அரை மணிக்கு ஒரு தடவை அதே வசனம். யாரும் சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன். உண்மையைச் சொன்னபோது கடைசி பஸ் போய்விட்டது. கிளினிக் கொப்பியும் கைப்பிள்ளையுமாக வந்த ஒரு அம்மா பெஞ்சிலேயே ராத்திரி கிடந்தார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். “நீங்க என்னா செய்வீங்க சேர், மேல உள்ளவங்க சொன்னாத்தானே,” என்றார்.

மேலே உள்ளவர்கள்! எனக்கும் ஒரு வில்ஃபோர்ட் கிடைத்துவிட்டார் என்று அப்போது தெரியாது.

படம் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சொல்கிறது. இடையில் வருகிறவர்கள் நாயகன் கடந்துபோகிற பெட்டிகள் மாதிரிதான். வால் பெட்டியில் பிறந்தவன் என்ற நினைப்பில் நான் அந்தக் கோடாரிக் கூட்டத்தோடு ஓடினேன். தொடர் என்னை இழுத்து வந்து என் நாற்காலியில் உட்கார வைத்தது. பனிச்சரிவில் மாட்டுப் பெட்டியின் கண்ணாடி உடைந்து மாடெல்லாம் செத்துப்போகும் ஒரு கட்டம் வரும். அந்த நட்டத்தை எந்த வகுப்பின் தலையில் எப்படிக் கட்டுவது என்று கணக்குப் போடுகிற வேலை மெலனிக்குத்தான். படத்துக்கு இதற்கெல்லாம் நேரமில்லை, தேவையுமில்லை.

இரண்டின் மேலும் எனக்கு ஒரு தொழில் குறை உண்டு. எங்கள் ஒற்றைப் பாதையில் டெப்லட் என்கிற அனுமதி வட்டு கைக்கு வராமல் எந்த வண்டியும் அடுத்த ஸ்டேசனுக்கு நகர முடியாது. அங்கே டெப்லட் இல்லை, எதிர் வண்டிக்கு வழிவிடுகிற குரொசிங் இல்லை, தண்டவாளத்தை நடந்து பார்க்கிற ஆளும் இல்லை. ஸ்டேசன் மாஸ்டரே தேவைப்படாத உலகம். ஆரம்பத்திலேயே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அண்ணன் தொடரைப் பார்க்கவில்லை. நாலு சீசன் முடிவதற்குள் பென்சன் வந்துவிடும் என்றார். நைட் மெயிலுக்குக் காத்திருந்தபோது கதையை மட்டும் கேட்டுக்கொண்டார். மூன்றாவது சீசன் முடிவில் ஒரு பகுதிச் சனம் ஆப்பிரிக்காப் பக்கம் இறங்கிவிடுகிறது என்றேன்.

வாசலில் டிக்கெட் வாங்கி வாங்கிப் பழகிய மனுசன்.

“எறங்குனாங்களா? அப்ப டிக்கெட்ட யாரு சேர் வாங்குனது?”