பாட்டு முடிந்த பிறகு

வியன்னாவில் குரலிசை படிக்கும் மாணவர்களுக்குப் பியானோ வாசிப்பது என் வேலை. பெரும்பாலும் 'லீட்' எனும் ஜெர்மன் கலைப்பாடல்: ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ. காலையில் சோப்ரானோவுக்கு (உயர்ந்த பெண்குரல்) வாசித்த பாட்டையே மதியம் பாரிடோனுக்காக (நடுத்தர ஆண்குரல்) சுருதி இறக்கி வாசிக்க வேண்டியிருக்கும். உயர்ந்த குரல், நடுக்குரல், தாழ்ந்த குரல் என்று தனித்தனிப் புத்தகமே உண்டு. விரல்களுக்குத்தான் குழப்பம்.

வியன்னா இசையமைப்பாளர் ஷூபர்ட் 1815இல், 18 வயதில், ஜெர்மன் கவிஞர் கதேயின் 'ஏர்ல்கோனிக்' கவிதைக்கு இசையமைத்தார். இரவில் ஒரு அப்பா தன் பிள்ளையோடு குதிரையில் விரையும் கதை. கதை சொல்பவர், அப்பா, பிள்ளை, பிள்ளையைக் கூப்பிடும் மாய அரசன் என நாலு பேராகவும் ஒரே ஆள் பாட வேண்டும். மாணவர்களுக்கு அந்தக் கவலை. எனக்கு மணிக்கட்டுக் கவலை. குதிரை ஓடுவது என் வலது கையில். ஒரே சுரத்தை மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் சேர்த்து, மும்மூன்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். 1816இல் கதேக்கு அனுப்பிய பிரதியில் ஷூபர்ட்டே அதை இரண்டிரண்டாகக் குறைத்திருந்தார். அதை வாசிக்கட்டுமா என்றால் ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள்.

ஆனால் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் வேகமே கிடையாது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1840இல் கவிஞர் ஹைனேயின் கவிதைகளுக்கு இசையமைத்த 'டிஷ்டர்லீபே' ('கவிஞனின் காதல்') என்ற பாட்டுத் தொடரின் கடைசிப் பாட்டு, பதினாறாவது. தன் பழைய பாட்டுகளையும் காதலையும் வலியையும் ஒரு பெரிய சவப்பெட்டியில் போட்டு, பன்னிரண்டு ராட்சதர்களைக் கொண்டு கடலில் அமிழ்த்தச் சொல்கிறான் கவிஞன். கசப்பான எள்ளல். அத்தோடு கவிதை முடிந்தது, பாடகருக்கும் வேலை முடிந்தது. பியானோ மட்டும் நிற்காமல் போகிறது.

"இவ்வளவு நேரம் நான் என்ன செய்வது?" என்று ஏறக்குறைய எல்லாருமே கேட்கிறார்கள். கையைக் கோக்கிறார்கள், தரையைப் பார்க்கிறார்கள், சிலர் மெல்ல நகரவே தொடங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் நான் வாசிப்பது பன்னிரண்டாவது பாட்டின் முடிவில் வந்த இசை. அந்தப் பாட்டில் தோட்டத்துப் பூக்கள் கவிஞனிடம், எங்கள் சகோதரி மேல், அதாவது அவன் காதலி மேல், கோபப்படாதே என்று கெஞ்சும். ஹைனே கடைசிவரை மன்னிக்கவில்லை; மன்னிப்பைச் சேர்த்தது ஷூமன், அதுவும் சொல்லே இல்லாமல். கவிதைக்கு அவர் துரோகம் செய்துவிட்டார் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஒருவேளை வாசிக்கிறவன் நான் என்பதாலும் இருக்கலாம்.

எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்றெல்லாம் இப்போது சொல்லிக்கொடுப்பதில்லை. பதினாறாவதை ஒத்திகை பார்க்கும் முன் பன்னிரண்டாவது கவிதையை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன்.