கஞ்சமலை இரும்பு உருக்கானது எப்படி?

சேலத்துக்குப் பக்கத்திலுள்ள கஞ்சமலையின் கல்லை உடைத்தால் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாகத் தெரியும். கறுப்பு மேக்னடைட் என்ற இரும்புத் தாது, காந்தத்தில் ஒட்டும். வெள்ளை வெறும் குவார்ட்ஸ். கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகத்திலிருந்து இரும்புத் தொழிலில் இறங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்துத் தாதுவில் நூற்றுக்கு 48 பங்கு குவார்ட்ஸ், 52 பங்கு இரும்பு ஆக்சைடு என்று எழுதிவைத்தார். அப்படியானால் இரும்பு மட்டும் 37 பங்குக்கு மேல் இருக்க வேண்டும். உள்ளூர் உலையில் கைக்கு வந்ததோ 15 பங்குதான். காரணம், உலையில் சுண்ணாம்புக் கல் போடும் வழக்கம் இல்லை. சுண்ணாம்பு இல்லாதபோது குவார்ட்ஸ் உருகி ஓடுவதற்கு இரும்பு ஆக்சைடையே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பழைய உலைக்களத்துக் கிட்டம், அதாவது உலைக் கழிவு, கையில் எடுத்தால் அவ்வளவு கனக்கிறது.

கல்லை இடித்துத் தூளாக்கி நீரில் அலசினால் குவார்ட்ஸ் அடித்துக்கொண்டு போய்விடும், கரும்மணல் தங்கும். உலை நான்கைந்து அடி உயர மண் உலை. அடியில் இரண்டடி அகலம், வாயில் ஓரடி. ஆட்டுத்தோல் துருத்தி ஊத ஊத, கரியும் மணலும் மாற்றி மாற்றிக் கொட்டுவார்கள். மூன்று நான்கு மணி நேரம் கழித்து உலையின் முன்பக்கத்தை உடைத்து, கட்டியை வெளியே இழுத்து அடிப்பார்கள். கிடைப்பது தேனிரும்பு. வளையும், ஆனால் கூர் நிற்காது.

அதை உருக்காக்குவது மூசை என்ற சிறு மண்கலத்தில். உமி கலந்து பிசைந்த களிமண் மூசைக்குள் அரை பவுண்டு முதல் இரண்டு பவுண்டு வரை இரும்புத் துண்டுகள். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, சிறிதாக நறுக்கிய காய்ந்த ஆவாரங்கட்டை. மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. பிறகு வாயைக் களிமண்ணால் இறுக அடைத்துக் காயவிடுவார்கள். இப்படி 20 முதல் 24 மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். கட்டையின் கார்பன் இரும்பில் ஏற ஏற, அது உருகும் வெப்பம் இறங்கிவரும். தேனிரும்பைத் தனியாக உருக்க 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். கரி உலையில் அது எளிதல்ல. ஒரு கைப்பிடி ஆவாரங்கட்டையால் அந்தத் தடையைத் தாண்டியவர்களின் அறிவை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

மூசை விரிசல் விட்டால் காற்று புகுந்து கார்பன் எரிந்துபோகும். ஆறிய மூசையை உடைத்து, உள்ளே உறைந்த உருக்கு வில்லையின் மேற்பரப்பைப் பார்த்தே தரம் சொல்லிவிடலாம். நடுவிலிருந்து கதிர்போல வரிகள் ஓடி, துளையில்லாமல் இருந்தால் நன்றாக உருகியிருக்கிறது. தேன்கூடுபோலப் பொத்தல் விழுந்து, உருகாத இரும்பு துருத்திக்கொண்டிருந்தால் வெப்பம் போதவில்லை. நல்ல வில்லையையும் அப்படியே அடிக்க முடியாது. கார்பன் மிகுதியால் நொறுங்கும். உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே, கரித் தீயில் காற்றுப் படும்படி புரட்டிப் புரட்டிப் பல மணி நேரம் வைத்து, மிகையான கார்பனைப் போக்கிய பிறகே சம்மட்டி.

ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் பெரிய உலைகள் கட்டினார். சேலத்துத் தாதுவும் அங்கே போயிற்று. அந்த உலைகளுக்கும் மரக்கரிதான் எரிபொருள். சிற்றுலை சுற்றுவட்டக் காட்டோடு ஒத்துப்போனது; பெரிய உலையின் பசிக்குக் காடுகள் ஈடுகொடுக்கவில்லை. அந்தத் தொழில் நொடித்ததற்குக் கரிப் பஞ்சம் பெரிய காரணம்.

கஞ்சமலைத் தாதுவையும் நெய்வேலி நிலக்கரியையும் நம்பித்தான் சேலத்துக்கு உருக்காலை கேட்டார்கள். 1970-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1981-82-இல் ஓடத் தொடங்கியபோது அது வெளியிலிருந்து வந்த சுருள்களைக் குளிர்நிலையில் உருட்டி ஸ்டெயின்லெஸ் தகடாக்கும் ஆலையாக இருந்தது. மலைக்கல்லை உருக்கும் ஊதுலை அங்கே கட்டப்படவே இல்லை.