ரத்தான டிக்கெட்டுகளும் கோட்டையூர் ஆச்சியின் பேரேடும்

விமானப் பயணத்தில் பட்ட பாட்டைப் பயணிகள் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவள். காரைக்குடி செக்காலை ரோடு பக்கம் எங்கள் கடை. மாமனார் ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கண்டனூர், தேவகோட்டை, கல்லல் என்று சுற்றுவட்டாரம் முழுக்க வாடிக்கையாளர்கள் உண்டு. பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அனுப்பிவிட்டுப் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமார்கள் ஒரு பக்கம், வேலைக்குப் போகும் தம்பிகள் இன்னொரு பக்கம். கொரோனா காலத்தில் இவர்களுக்கு நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

விமானம் நின்றதற்காக எங்கள் ஊரில் யாரும் கோபப்படவில்லை. நோய் அப்படி இருந்தது, எல்லோருக்கும் புரிந்தது. பணம் போய்ச் சிக்கிக்கொண்டதும், கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனதும்தான் இன்றுவரை ஆறவில்லை.

2020 மார்ச் 23 முதல் வெளிநாட்டு விமானங்கள் இல்லை, 25 முதல் உள்நாட்டு விமானங்களும் இல்லை. அடுத்து வருவது சித்திரை, வைகாசி. செட்டிநாட்டில் அந்த மாதங்கள் எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். கல்யாணம், சாந்தி, கோயில் காரியம் என்று வருஷமெல்லாம் பூட்டியிருக்கும் வீடுகளைத் திறந்து கழுவிவிடுவார்கள். கோட்டையூரில் ஒரு வீட்டில் அந்தச் சித்திரையில் அறுபதாம் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெங்களூரிலும் மும்பையிலும் இருந்த பங்காளிகள், மகள் வீட்டார் எல்லோருக்கும் மதுரை வரை டிக்கெட் எங்கள் கடையில்தான் போட்டது. அந்த வீட்டு ஐயாவின் அக்கா, எண்பதைத் தொடப்போகிற ஆச்சி, மொத்தப் பணத்தையும் ரொக்கமாகக் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

விமானங்கள் ரத்தாயின. அந்த விமான நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரவில்லை. 'கிரெடிட் ஷெல்' என்று ஒன்றில் போட்டு வைத்திருப்பதாக மெயில் அனுப்பியது. அதாவது, பணம் அவர்களிடமே இருக்கும், பிறகு எப்போதாவது அதே ஆள், அதே நிறுவனத்தில் பயணம் செய்துகொள்ளலாம். அதுவும் ஏஜெண்ட் மூலம் போட்ட டிக்கெட் என்றால் அந்தத் தொகை ஏஜெண்டின் கணக்கில் தெரியும், ஆனால் எடுக்க முடியாது. பயணி நிறுவனத்துக்குப் போன் போட்டால் "உங்கள் ஏஜெண்டைக் கேளுங்கள்" என்பார்கள். நான் போன் போட்டால் பாட்டு ஓடும். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டபின் லைன் தானாகவே கட்டாகும்.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் ஆச்சி மஞ்சள் பையோடு கடைக்கு வந்தார். பைக்குள் அவர் கையால் எழுதிய கணக்கு நோட்டு.

"ஏம்மா, பணத்தை நான் உங்கிட்டக் குடுத்தேன். நீ அவங்ககிட்டக் கட்டிட்டே. அவங்க யாரையும் ஏத்தல. அப்ப இது யார் பேருல பத்து?"

அவர் என்மேல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நோட்டில் யார் பேரில் பற்று எழுதுவது என்றுதான் கேட்டார். ஆனால் எனக்கு முகம் சிவந்துவிட்டது. இந்த ஊரில் கடை நடத்துகிறவர்களுக்குக் கைமுதல் என்பது பேர்தான். கொடுக்கல் வாங்கலிலேயே மூன்று தலைமுறை வாழ்ந்த ஊரில், "அந்தக் கடையில் பணம் நிற்கிறது" என்று ஒரு பேச்சு கிளம்பினால் அதோடு சரி. ஏஜெண்ட் அமுக்கிவிட்டான் என்று பேசப்பட்டு மூடிய சின்னக் கடைகள் எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் ஒரு பைசா அமுக்கியவர்கள் இல்லை. விமான நிறுவனம் ஒரு வரி எழுதி, "உங்கள் பணம் எங்களிடம் இருக்கிறது, ஏஜெண்டிடம் இல்லை" என்று பயணிக்கே தமிழில் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் போதும். அதற்கு என்ன செலவு?

2020 அக்டோபர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதில் உத்தரவு போட்டது. ஊரடங்குக்கு முன் போட்ட டிக்கெட்டாக இருந்து, பயணத் தேதி ஊரடங்குக்குள் வந்தால் 15 நாளில் பணம் திரும்ப வேண்டும். நிறுவனம் பண நெருக்கடியில் இருந்தால் கிரெடிட் ஷெல்லாக 2021 மார்ச் 31 வரை வைத்துக்கொள்ளலாம், அதற்குள் பயன்படாவிட்டால் ரொக்கமாகத் தர வேண்டும். ஏஜெண்ட் மூலம் போட்டிருந்தாலும் பயணிக்குப் போய்ச் சேர வேண்டும். வைத்திருக்கும் காலத்துக்கு 2020 ஜூன் 30 வரை மாதம் 0.5 சதவீதமும், அதன் பிறகு 0.75 சதவீதமும் கூட்டித் தர வேண்டும்.

இதை ஆச்சிக்கு விளக்குவது எனக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. "முதல்ல அரை வட்டி ஆச்சி, அப்புறம் முக்கால் வட்டி" என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார். "வட்டியை அப்புறம் பாத்துக்கலாம், மொதலு வரட்டும்" என்றார்.

முதல் அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. மார்ச் 31 கெடு தாண்டியும் வாரக்கணக்கில் மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாம் அலை வேறு வந்துவிட்டது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தவித்த குடும்பங்களுக்கு மட்டும் மாமனார் தன் சேமிப்பிலிருந்து எடுத்து முன்னதாகக் கொடுத்தார். நிறுவனத்திடமிருந்து தொகை வந்தபோது தவணை தவணையாக வந்தது. எந்தப் பயணிக்கு எவ்வளவு என்ற விவரம் இல்லாத ஒரு மொத்தத் தொகை, அதைப் பிரித்துக் கணக்குப் பார்க்க நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தேன்.

சரி, ஆச்சிமார்களுக்காவது போனது பணம். தம்பிகளுக்குப் போனது வேலை. காளையார்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவர், சிங்கப்பூரில் கட்டுமான வேலை. 2020 தைப் பொங்கலுக்கு வந்தவர் திரும்ப முடியவில்லை. அங்கே நுழைய அரசு அனுமதி வேண்டும், முதலாளி விண்ணப்பிக்க வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு. அனுமதி கிடைத்தால் டிக்கெட் இருக்காது, டிக்கெட் கிடைத்தால் அனுமதித் தேதி மாறிவிடும். ஒருவழியாக 2021 ஏப்ரல் கடைசியில் எல்லாம் பொருந்தி வந்தபோது, இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூர் கதவை மூடியது. அக்டோபர் கடைசியில்தான் திறந்தது. அதற்குள் அவருடைய வேலை பெர்மிட் போய்விட்டது. "அக்கா, வேல வாங்கிக் குடுத்த ஏஜெண்டுக்குக் கட்டுன கடனே இன்னும் அடையல" என்று கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வளைகுடாவுக்குப் போனவர்கள் இன்னும் சுற்றினார்கள். இந்தியாவிலிருந்து நேரே இறங்க முடியாததால் நேபாளத்திலோ மாலத்தீவிலோ 14 நாள் தங்கிவிட்டுச் சவூதிக்குப் போனார்கள். ஏப்ரல் கடைசியில் நேபாளமும் அந்த வழியை நிறுத்தியது. ஆகஸ்டில் எமிரேட்ஸ் நாடு விசா உள்ளவர்களுக்குத் திறந்தபோது, ஏறுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன் விமான நிலையத்திலேயே ரேபிட் பிசிஆர் என்ற உடனடி கொரோனா சோதனை எடுக்க வேண்டும் என்றார்கள். முந்தின நாள் ஊரில் எடுத்த சோதனையில் நெகட்டிவ் வந்த ஒரு தம்பிக்கு விமான நிலையத்தில் பாசிட்டிவ் வந்தது. பெட்டியோடு திருச்சியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்தார். டிக்கெட் பணம் போச்சு, சோதனைக்குக் கட்டிய சில ஆயிரமும் போச்சு. இதில் குற்றம் யாருடையது என்று நான் இன்னும் யோசிக்கிறேன். நோயைத் தடுக்கச் சோதனை வேண்டும்தான். ஆனால் அந்தச் சோதனை தவறினால் வருகிற நஷ்டம் முழுவதும் ஏன் அந்த ஒரு ஏழையின் தலையில் விழ வேண்டும்? தேதியை இலவசமாக மாற்றிக் கொடுக்க நிறுவனத்தால் முடிந்திருக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவருக்கு மகள் சிங்கப்பூரில், முதல் பிரசவம். பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்தும் ஆச்சி பார்க்கவில்லை. 2021 நவம்பர் 29 முதல் தடுப்பூசி போட்டவர்களுக்கென்று தனி விமானங்கள் விட்டார்கள். அதுவும் சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து மட்டும். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம் இருந்தும், அவர் பல்லவன் ரயில் பிடித்துச் சென்னை போக வேண்டும். அவர் போட்டிருந்தது கோவேக்ஸின். நவம்பர் 3ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதை ஒப்புக்கொண்டதால் அந்தத் தடை நீங்கியது. அந்த விமானத்தில் போவதற்கான பாஸுக்கு விண்ணப்பித்தோம், வந்தது. ஜனவரியில் போகலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓமிக்ரான். டிசம்பர் 23 முதல் ஜனவரி 20 வரை அந்த விமானங்களுக்குப் புது டிக்கெட் விற்கக் கூடாது என்று சிங்கப்பூர் நிறுத்தியது. சீப்புச் சீடையும் மாவுருண்டையும் செய்து டின்னில் அடைத்து வைத்திருந்தார் அந்த அம்மா.

அவர் அழவில்லை, வேறொன்று சொன்னார். அவருடைய ஐயா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். இறங்கியதும், கப்பலின் திறந்த தளத்தில் வந்த டெக் பயணிகளைப் பினாங்குக்குப் பக்கத்து ஜெரஜாக் தீவில் கொண்டுபோய்ப் பல நாள் வைத்திருந்துவிட்டுத்தான் ஊருக்குள் விட்டார்களாம். "அப்பவும் காக்க வச்சாங்கம்மா. ஆனா எத்தனை நாளுன்னு சொல்லிட்டுக் காக்க வச்சாங்க" என்றார். கொரோனா காலத்துப் பயணம் பற்றி நான் கேட்டதிலேயே சரியான பேச்சு இதுதான்.

2022 ஏப்ரலில் சிங்கப்பூரும் மலேசியாவும் திறந்த பிறகு அவர் போய்ப் பேரனைப் பார்த்தார். திருச்சியிலிருந்தே போனார். திரும்பி வருவதற்கு, இந்தியாவுக்குள் வருகிறவர்கள் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவத்தைச் சிங்கப்பூரிலிருந்து மகள் நிரப்ப, நான் இங்கிருந்து தடுப்பூசிச் சான்றிதழை அனுப்ப, கோப்பு பெரிதாக இருக்கிறது, சின்னதாக இருக்கிறது என்று அந்தத் தளம் திருப்பித் திருப்பித் தள்ளிய ராத்திரியை மறக்க மாட்டேன். அந்தப் படிவத்தை 2022 நவம்பர் 22ஆம் தேதி நிறுத்தினார்கள். அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் காபி.

நோய் போன பிறகும் சில வழக்கங்கள் போகவில்லை. 2020 மே 25ஆம் தேதி உள்நாட்டு விமானங்கள் திரும்பியபோது, ஒருவரை ஒருவர் தொடக் கூடாது என்பதற்காக வெப் செக்-இன் கட்டாயமானது. அது நியாயம். ஆனால் பிறகு கவுண்டரில் போர்டிங் பாஸ் கேட்டால் காசு என்று சில நிறுவனங்கள் வசூலித்தன. 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் அது கூடாது என்று சொன்னபின் நின்றது. சீட்டுக்குக் காசு மட்டும் நிற்கவில்லை. வெப் செக்-இன் செய்யப் போனால் பணம் கட்டும் சீட்டுகள்தான் முதலில் கண்ணில் படும். இலவசமாக விட்டால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். தனியாக எழுந்து நிற்க முடியாத ஐயாவையும் அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கும் ஆச்சியையும் பத்து வரிசை தள்ளி உட்கார வைப்பதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. 12 வயது வரை குழந்தைகளைப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ சொன்னது. அதே அக்கறை முதியவர்களுக்கும் வேண்டும்.

மலேசியாவுக்கு இப்போது இந்தியர்களுக்கு விசா வேண்டாம், 2023 டிசம்பரிலிருந்து. ரொம்ப நல்லது. ஆனால் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும், சிங்கப்பூருக்கும் அப்படித்தான். இரண்டும் இலவசம். அதைப் போலவே தெரியும் போலித் தளங்கள் காசு பிடுங்குகின்றன, கவனம். மெயில் முகவரியே இல்லாத ஆச்சிகளுக்கு நாங்கள் கடையில் உட்கார வைத்து நிரப்பித் தருகிறோம்.

திருச்சியில் புது முனையம் 2024 ஜூனில் செயல்பட ஆரம்பித்தது. விசாலமாக, வெளிச்சமாக, பார்க்கவே பெருமையாக இருக்கிறது. எனக்குள்ள குறை கட்டிடத்தில் இல்லை. கொரோனாவுக்கு முன் விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் எங்களுக்குத் தமிழில் பேசும் அதிகாரி ஒருவர் இருந்தார், பெயர் சொல்லிப் போன் போடலாம். அந்த அலுவலகத்தை 2020இல் மூடினார்கள், திறக்கவே இல்லை. இப்போது அந்த எண்ணில் பேசுவது எந்திரம். அதற்கு அறுபதாம் கல்யாணம் என்றால் தெரியாது, கருமாதிக்கு அவசரமாகப் போக வேண்டும் என்றாலும் தெரியாது.

பணம் நிற்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏஜெண்ட் மூலம் போட்ட டிக்கெட்டாக இருந்தாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே என்று டிஜிசிஏ விதி இருக்கிறது. கிரெடிட் ஷெல்லில் வைப்பது பயணியின் விருப்பம், நிறுவனம் தானாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. விமானப் பயணிகளுக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம், 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்கும் போன் செய்யலாம். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். டிக்கெட் நகலையும், ரத்தான செய்தியையும், பணம் கட்டிய ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். எங்களிடம் போட்ட டிக்கெட்டாக இல்லாவிட்டாலும் புகார் எழுதித் தருகிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை கிடையாது.